மூடி

பெயர் வெட்டிய பாத்திரம் அது.
கல்யாணத்துக்குச் சித்தி தந்தது.
விளிம்பில் புள்ளி புள்ளியாய்க் கொத்தியிருக்கும்:
த. ஹெப்சிபாய், 2006.

போன சக்கைக் காலத்தில்
வரிக்கைச் சுளை முப்பது எண்ணி வைத்து
ப்ளோரா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.
மூடியைக் கொடுக்கவில்லை.
பாத்திரம் வந்தாலும் மூடி வராது,
அருமனையில் இருபது வருடம் குடியிருந்த அனுபவம்.
வாழையிலை கீறி மூடினேன்.

இரண்டுமே வரவில்லை,
பாத்திரமும், அது எங்கே என்ற பேச்சும்.
சுற்றி வளைத்து ஒருநாள் கேட்டுவிட்டேன்.
"அதிலயா? தெரளியப்பம் வச்சு அண்ணி வீட்டுக்கு விட்டேனே.
வெறும் பாத்திரத்த எப்பிடி பிள்ளே அனுப்ப?"
என் பாத்திரம் என்று
அவளுக்கு ஓர்மையே இல்லை.

அதிலிருந்து கோயிலில்
ஐயர் ஈகையைப் பற்றிப் பேசினால்
எனக்கு அந்தப் பாத்திரம்தான் பளபளக்கும்.
காணிக்கைப் பை பக்கத்தில் வரும்போது
ஐம்பதா நூறா என்று விரல் தடுமாறும்.
கைப்பிடி அரிசிக்கும்
என் கை கொஞ்சம் சின்னக் கை.

ஆனியில் விடாமல் மழை.
ரப்பர் மரத்தில் கத்தி வைக்க வழியில்லை.
போதாததற்கு இவர்
குழித்துறைப் பாலத்தில் வண்டி வழுக்கி விழுந்து
மாவுக்கட்டோடு கட்டிலில்.
கடைக்காரரின் பற்று நோட்டில்
எங்கள் பக்கம் நிறைந்து
அடுத்த பக்கம் புரண்டது.

எட்டாம் நாள் உச்சிக்கு
இனயத்துச் சுனிதாவின் மீன்வண்டி வாசலில் நின்றது.
பேரம் பேசாமல் அவளிடம்
ஒரு சாளைகூட வாங்கியவள் இல்லை நான்.
"மீனு வேண்டாம் சுனிதா, பைசா இல்ல."
"விக்க வரல்லக்கா.
அண்ணன் விழுந்தாருன்னு கேட்டேன்."
துணி கட்டிய பாத்திரம் ஒன்றை நீட்டினாள்.
"பாத்திரம் திருப்பித் தராண்டாம்.
அது எங்களுது இல்ல,
பாயசத்தோட எங்கேயிருந்தோ வந்ததாக்கும்.
வெறுமனே வச்சிருக்கவும் மனசில்ல,
ஆருக்குக் குடுக்கணும்னும் தெரியல்ல."

துணியை அவிழ்த்தேன்.
சாளைப் புளிமுளத்தின் சிவப்புக்கு மேலே
தேய்ந்தும் தேயாமலும்
என் பெயர்.

என்னுது என்று சொல்ல வாயெடுத்தேன்.
வண்டி அதற்குள் வளைவில் திரும்பிவிட்டது.
சும்மா சொல்கிறேன்.
வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

அடியில் ஒரு நசுங்கல், எனக்குத் தெரியாதது.
எந்த வீட்டில் விழுந்ததோ.
பிரசவ வீடோ, துக்க வீடோ,
நோன்புக் கஞ்சி ஊற்றித் தந்த வீடோ.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம்.
இவர் கண்ணை மூடினார்.
எப்போதும் சொல்கிற ஜெபம்தான்,
முடியும் முன்பே மகன் ஜெர்வின்
ஆமென் போட்டுவிடும் ஜெபம்.
"நீர் தந்த ஆகாரத்துக்காக" என்ற இடத்தில்
எனக்குத் தொண்டை அடைத்தது.
முப்பது சுளை, முப்பது சுளை என்று
வருடம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேனே,
நாங்கள் இடம் வாங்கும்போதே நின்ற மரம் அது.
ஒரு குடம் வெள்ளம் ஊற்றியதில்லை நான்.

குழம்பு நல்ல உறைப்பு.
இவர் இரண்டாம் தடவை சோறு கேட்டார்,
விழுந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக.

சனிக்கிழமை மழை வெறித்தது.
இரண்டு மூடு மரச்சீனி பிடுங்கி அவித்து
காந்தாரி மிளகு உடைத்து வைத்தேன்.
செங்கல் சூளை மூடிக் கிடக்கிறது.
ஒடிசாக்காரக் குடும்பம் ஒன்று
போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருக்கிறது,
கைக்குழந்தையோடு.

அலமாரியின் மேல்தட்டில் இருந்து மூடியை இறக்கினேன்.
ஒரு வருடத் தூசி.
கழுவி வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை.
உள்ளங்கையால் ஒரு தட்டு.
உட்கார்ந்தது.

"மூடியுமாம்மா?" என்றான் ஜெர்வின்.

"பின்னே? ஆறிப்போவும்லா.
ஓடு."